கண்ணாடி வாசிகசாலை

வவுனியா
12.06.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் கால் வீக்கமும் எப்படி?

நான் வேலைபார்க்கும் புது வாசிகசாலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சின்னக் கட்டிடம்தான். தட்டையான சீமெந்துக் கூரை, தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. வாசிக்கிறவர்களைத் தெருவில் போகிறவர்கள் கண்டு தாங்களும் உள்ளே வரவேண்டுமென்று அப்படிக் கட்டினார்களாம். சுற்றிவர உள்ள கடைகளுக்கெல்லாம் பலகைக் கதவு.

கலவர நாட்கள்தானே. திங்கட்கிழமை பின்னேரம், லொறியில் ஆட்கள் தமிழரை அடிக்க வருகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. கண்மூடித் திறப்பதற்குள் கடைக்காரர் எல்லாரும் பலகை போட்டுவிட்டார்கள். எனக்குப் போட ஒன்றுமில்லை. மேசைக்குக் கீழே குந்தினேன். அங்கேயும் தெருவுக்குத் தெரிந்தேன். செபம்கூட வாயில் வரவில்லை.

அப்போது எதிரே தையற்கடை மீராசா நானா ஒரு பலகையை நீக்கி, "தங்கச்சி, அங்க இருந்தா ஊருக்கே தெரியும். ஓடி வாங்கோ!" என்று கூப்பிட்டார். செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். அவருடைய மனைவி என் கையை விடாமல் பிடித்திருந்தா. கொஞ்ச நேரத்தில் லொறி வந்தது, நிற்காமல் போனது. அதில் நெல்மூட்டைகள்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனாலும் அடுத்தநாள் தொடக்கம் தெருவுக்கு முதுகைக் காட்டி இருக்க முடியவில்லை. எங்கள் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலை இருந்தால் பத்து முழம் பஸ்ஸில் அனுப்புங்கோ, அப்பா. கண்ணாடிக்கு உள்பக்கம் கட்டவேண்டும். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. இதை அம்மாவுக்கு வாசிக்கும்போது, பாய்ச்சீலை வெயிலுக்கென்று மட்டும் வாசியுங்கோ.

உங்கள் மகள்
பிலோமினா