செவ்வாய்க்கிழமை அடித்த மணி

கர்த்தருக்குள் அன்பான மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா இன்பம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி சாலமன்ராஜும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலில் மட்டும் ஒரு கட்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மருமகனும் பாப்பாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் மகளைப் பார்க்க அயர்லாந்து வருகிறார், சாத்தூர் சேவோடு இதையும் அவர் பையில் வைத்துவிடுவேன்.

ஜனவரியில் ஊருக்கு வந்து பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. கோவில் கேட்டுக்கு வெளியே நிற்பேன், உள்ளே கூப்பிடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக அவர் கோவில் படி மிதிக்காதது உனக்குத் தெரியும். அப்பா போர்மேனாக இருந்த பட்டாசு ஆலையில் வெடித்து ஷைலா இறந்தாளே, அந்த அடக்க ஆராதனையில் அப்போதிருந்த குருவானவர், ஓய்வுநாளில் வேலைக்குப் போனதன் பலன் என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னார். பெட்டி முன்னால் இருக்கிறது, பெற்ற தாய் பொன்னுத்தங்கம் பக்கத்தில் இருக்கிறாள், அங்கே சொல்கிற பேச்சா அது. எழுந்து வெளியே போனவர்தான் உன் அப்பா. நானும் அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் குருவானவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார், நல்ல மனுஷர், இரண்டு தடவை வீட்டுக்கே வந்தார். உன் அப்பாவோ கொல்லையில் முருங்கை மரத்தை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நின்றார். மனுஷன் சொன்னதற்கு ஆண்டவரோடு என்ன சண்டை என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், கோவில் மணி நிற்காமல் அடிக்கிறது. ஆராதனை மணியும் துக்க மணியும் விட்டுவிட்டு அடிக்கும், நிற்காமல் அடித்தால் எங்கேயோ ஆலையில் வெடி, எல்லா வீட்டாரும் கோவிலுக்கு ஓடி வந்து யார் எந்த ஆலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதானே நம் ஊர் வழக்கம். சாலமன்ராஜ் ஏழாயிரம்பண்ணையில் வேலைக்குப் போயிருக்கிறான், போனை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கேட்கவும் வழியில்லை. அப்பா பனியனோடு, செருப்பில்லாமல் எனக்கு முன்னால் ஓடினார். கோவில் படியில் தடுக்கி விழுந்து, முழங்காலில் அடிபட்டு, எழுந்து, அப்படியே உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டுப் பத்திரகாளி தன் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்து எங்களோடு உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் வெடியும் இல்லை, ஒன்றும் இல்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை காலேப் நம் ஊருக்கு வந்தே பத்து நாள்தான், கடற்கரைப் பக்கத்துக்காரர், நம் வழக்கம் அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. மணிக்குப் புதுக் கயிறு கட்டி, அது இளகட்டும் என்று நூறு இழுப்பு இழுத்திருக்கிறார். மணிக்கூண்டிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் கோவில் நிறைய அழுகை. ஏன்க்கா, ஊர்ல யாரும் பெரியாளு தவறிட்டாகளா என்று என்னிடமே கேட்டார். அடிக்கக் கை ஓங்கிய பத்திரகாளி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அதற்குள் ஆலை ஆலையாகப் பார்த்துவரப் பைக்கில் போன ஆட்களும் எல்லா ஆலையிலும் எல்லாரும் நலம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம், ஷைலா உட்காருகிற இடம். அவள் போன பிறகு பொன்னுத்தங்கம் அங்கே தன் பையைத்தான் வைப்பாள். அது உறைத்ததும் அப்பா பதறி எழுந்தார். பக்கத்தில் இருந்த பொன்னுத்தங்கம் அவர் கையைப் பிடித்து, இருங்க போர்மேன், அது எம்மக இடந்தான், சும்மாதான கெடக்கு, இருங்க என்றாள். அவ்வளவுதான், அப்பா பிள்ளை மாதிரி அழுதார். யக்கா, அன்னைக்கு லோடு போகணும்னு வீட்டுக்கு வந்து அவளக் கூப்பிட்டது நாந்தான், பிரசங்கத்துல அவளச் சொன்னாக, என்னய ஒருத்தரும் சொல்லலியே என்றார். இத்தனை வருஷம் கூட இருக்கிறேன், எனக்கே தெரியாதடி. அவர் ஒளிந்தது குருவானவருக்கு இல்லை, பொன்னுத்தங்கத்தின் முகத்துக்கு. அவளோ அமைதியாக, எனக்கா தெரியாது, நீங்க வாசல்ல நிக்கையில சோறு கட்டிக் குடுத்தவ நான், நானுந்தான் போகாதன்னு சொல்லல என்றாள்.

பிறகு நான் அவளிடம் கேட்டேன், அப்படி ஒரு வார்த்தை கேட்ட பிறகும் எப்படி வாராவாரம் வருகிறாய் என்று. வீட்டுல அழுதா பேரப்புள்ளைக பயந்துருதுக, இங்கன அழுதா ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக, பிரசங்கத்துக்கா வாரேன் என்றாள். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தின எனக்கு இந்தப் பதில் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும் முன்பே அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். திரும்பி வரும்போது பிரசங்கம் நீளம், மைக் சரியில்லை என்று குறை சொன்னார், அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனசு முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒளிய வேண்டியதில்லை அல்லவா. அங்கே கோவிலில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நீ போவதை நிறுத்தியிருக்கிறாய். போ என்று நான் நெருக்கவில்லை. என்றைக்காவது போனால், தனியாக உட்கார்ந்து அழுகிற யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார், ஒன்றும் கேட்காதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. பாப்பாவுக்கு என் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே. இதை எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்தார், சேவு கணக்கு எழுதுகிறேன் என்று மறைத்துவிட்டேன். அப்ப இதையும் எழுது, ஞானஸ்நானத்துக்குப் பாப்பாவுக்கு நைலான் சட்டை எடுத்துராம, பருத்தியாப் பாத்து எடுக்கச் சொல்லு என்றார். நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று, அதை உடுத்தி வந்தவர்களை ஆலையில் விரட்டிப் பழகியவர் அல்லவா. கோவிலில் என்ன வெடிமருந்தா இருக்கிறது என்று கேட்டேன். புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போறது நாந்தான என்றார்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
ஞா. இன்பம்