ஐஸ் பெட்டியின் மேல் போட்ட பழி

இன்று காலையும் ஒரு பச்சை மாத்திரையை ஊசியால் குத்தினேன். கல்யாணப் பெண் ஒருத்தி, கண்ணுக்குக் கீழே கருவளையம். வைட்டமின் ஈ எண்ணெய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது. அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அது லேசில் போகாது, உனக்குத் தெரியாததா.

காசிமேட்டில் வியாபாரம் முடிந்ததும் நேரே கல்மண்டபத்துக்கு வருவாய், என் பார்லருக்கு. மீன் வாடைக்கு யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாதென்று பின்வாசல் வழியாக. ஐஸ் தண்ணீரில் ஊறி வெடித்த உன் கையில் இரண்டு மாத்திரையை உடைத்துத் தடவுவேன். முடி நுனிக்குத் தேங்காய் எண்ணெயோடு இரண்டு சொட்டு. "வைத்தியனுக்குக் குடுக்கிறத வாணியனுக்குக் குடுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பீற்றிக்கொள்வேன். "பெரிய டாக்டரு இவ! தடவுமே" என்பாய். நாற்பத்தைந்து வயதில் என்ன மினுக்கு மினுக்குவாய்! நானும் ஏற்றிவிட்டேன், இல்லையென்று சொல்லக் கூடாது.

ஒரு நாள் திரையை இழுத்துவிட்டு ரவிக்கையை அவிழ்த்தாய். இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழி குழியாக இருந்தது. "வலியே இல்லமே. இன்னாது இது?" என்றாய். அரை நிமிடம் பார்த்திருப்பேன். "இன்னாத்த கீது? தெனம் ஐஸ் பெட்டிய மார்ல கட்டிப் புட்சிக்கினு ஆட்டோவுல போறே. குளிர்ல தோலு செத்துப் பூட்சி. ரெண்டு மாத்திரை தடவு, சரியாப் பூடும்."

தடவினாய். ஏழு மாதம், ஒரு நாள் விடாமல். நடுவில் நான் கேட்டபோது, "பளபளன்னு கீதுமே" என்றாய். மேல்தோல் பளபளக்கத்தான் செய்யும், எண்ணெய் அல்லவா. எனக்கு அதில் பெருமை வேறு, பாவி.

புண்ணாகி நீர் வடிந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்றுநோய் என்றார்கள், ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார்: "இத்தனை மாசம் எண்ணெய் தடவிக்கிட்டா இருந்தீங்க? யாரும்மா சொன்னது?" உன் பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் தடவிக்கினேன்."

நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் டோல்கேட் நெரிசலில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. நீ வஞ்சிரம் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மருந்து ஏற்றி முடி கொட்டியது. "முளைக்கட்டும், அப்பால ஊத்து உன் எண்ணெய" என்று சிரித்தாய். முளைப்பதற்குள் போய்விட்டாய்.

இப்போது யார் எந்த மருவைக் காட்டினாலும், எந்தத் தடிப்பைக் காட்டினாலும் முதலில் டாக்டரிடம் விரட்டுகிறேன். வருகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். புத்தி வந்து என்ன, உனக்கு உதவவில்லையே.

போன வாரம் உன் மகள் வந்தாள். என் மடியில் படுத்து அழுதாள். "ஏன் பெரிம்மா, எங்கம்மா இத்தினி மாசமா யாராண்டயும் காட்டாம இருந்துச்சு?" என்று கேட்டாள்.

காட்டினாய். என்னிடம்தான் காட்டினாய். அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன்.