இடது கைக்கு ஒரு பியானோ

அன்புள்ள தம்பி ஜோஷ்வாவுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா ஹெலன் எழுதுவது. தூர தேசத்தில் கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் சுகமாய் வைத்திருப்பாராக. நீ அனுப்பிய பார்சலின் மேல் பெர்லின் விலாசம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். போனில் நீ அகப்படவில்லை.

பாத்திரக் கடை நடக்கிறது. ஆடித்தபசுக் கூட்டத்தில் வியாபாரம் பரவாயில்லை. அம்மா சுகம் என்று எழுதத்தான் பேனா வரவில்லை. இருதயம் பலவீனம் என்று சொல்லி டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். கேட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்கிறார். எதைக் கேட்பாள்? பக்கவாதத்துக்குப் பிறகு அவளிடம் மிச்சம் இருப்பது "ஏலே" என்ற ஒரே சொல். எனக்கும் ஏலே, போதகருக்கும் ஏலே.

அந்த நிலையிலும் தினம் சாயங்காலம் பியானோ முன்னால் உட்கார்ந்து இடது கையால் ஞானப்பாட்டு வாசித்தாளே, அது உனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே பார்த்தாய். வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குப் போகும்போது நம் தாத்தாவிடம் விட்டுப்போன பியானோ, நூற்றுமுப்பது வருஷத்துச் சாமான், இந்தச் சத்தம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சொல்லி மைக்குகளை நட்டாய். அதன் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, பலமாக என்று மாற்றி மாற்றி அடித்து, கம்ப்யூட்டரில் வாசிக்கிற பியானோவாக விற்கிற உன் கம்பெனிக்காகப் பதிவுசெய்தாய். தெருவில் விசைத்தறி இரைச்சல் தாங்கவில்லை என்றாய். தறிக்கார மைதீன் பாயிடம் போய்க் கேட்டேன். "சுகிர்தம் டீச்சர் வீட்டுக்காக நிப்பாட்டாம வேற யாருக்கும்மா நிப்பாட்டப் போறேன்" என்று சொல்லி மத்தியானத்தில் தறிகளை நிறுத்திவைத்தார்.

தறி நின்றது. அம்மா நிற்கவில்லை. நீ ஒரு கட்டையை அடித்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கும்போது, உள் அறையிலிருந்து அவளும் அதே சுருதியில் முனகினாள். "அக்கா, அம்மா அனத்துத சத்தம் மைக்குல விழுது. ரெண்டு நாளைக்கு வாசுதேவநல்லூர்ல சித்தி வீட்டுல விட்டுருவோம்" என்றாய். காரில் ஏற்றும்போது அவள் கதவுக் கம்பியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தது நீதான்.

நானும் அம்மாவும் திரும்பி வந்தபோது நீயும் இல்லை, பியானோவும் இல்லை. சென்னையில் ஏதோ ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டாயாம். போனில் கேட்டதற்கு, "அங்கன இருந்தா கரையான்தான் திங்கும். சத்தத்த முழுசா எடுத்துட்டேன். ஒத்தக் கைக்கு அவ்ளோ பெரிய பியானோ எதுக்குக்கா?" என்றாய். அம்மா அந்த வெறுஞ்சுவரைப் பார்த்தபடி மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு உன் பார்சல் வந்தது. மைதீன் பாயின் மருமகள் அஃப்ரோஸ் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள்தான் லேப்டாப்பையும் கீபோர்டையும் இணைத்துக் கொடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, தம்பி. அதே சத்தம். நடுக் கட்டை ஒன்று லேசாக இருமுமே, அந்த இருமல்கூட இருந்தது. அம்மா கீபோர்டுக்கு அடியில் கையைவிட்டு மரத்தைத் தேடினாள். இல்லை என்று தெரிந்தும் வாசித்தாள். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். உன்னை மன்னித்துவிடலாம் என்றுகூட நான் நினைத்தேன்.

மூன்று வாரத்தில் சத்தம் நின்றுபோனது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. நீ அனுப்பியது மாதிரிக்குக் கொடுக்கிற பதிப்பு என்றும், கெடு முடிந்துவிட்டது என்றும், முழுசாக வாங்கினால்தான் இனி ஒலிக்கும் என்றும் அஃப்ரோஸ் வாசித்துச் சொன்னாள். பெற்றவளுக்கு அவள் பியானோவின் சத்தத்தையே சாம்பிள் காட்டியிருக்கிறாய். உன் கம்பெனிக்கு எழுதினோம். எங்கள் தயாரிப்பில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்று மெஷின் பதில் போட்டது.

அஃப்ரோஸ் விடவில்லை. இன்டர்நெட்டில் பழைய பியானோ சத்தங்களாகத் தேடித் தேடி இறக்கினாள். லண்டன் பியானோ, வியன்னா பியானோ, இருநூறு வருஷத்துக்கு முந்தியது என்று விலையில்லாமலே எத்தனையோ கிடைத்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். அம்மா ஒவ்வொன்றிலும் அந்த நடுக் கட்டையைத்தான் முதலில் தொட்டாள். தொட்டதும் தலையை ஆட்டிக் கையை எடுத்துவிடுவாள்.

அப்படித் தேடும்போதுதான் நம் பியானோவின் சத்தத்தை விற்கிற உன் கம்பெனியின் பக்கம் வந்தது. நீ பேசுகிற வீடியோவும் இருந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகன் முகத்தைப் பார்த்த சந்தோஷம். நீ இங்கிலீஷில் பேசினாய். இது காலஞ்சென்ற என் தாயாரின் பியானோ, அவர் இல்லாத வீட்டின் மௌனத்தில் பதிவுசெய்தேன் என்றாய்.

முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவள், ஜோஷ்வா. அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கீழே ஊர் ஊராக ஜனங்கள் அனுதாபம் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நீ கைகூப்பி நன்றி சொல்லியிருந்தாய். அஃப்ரோஸ் பதறி லேப்டாப்பை மூடப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, திரும்பப் போடு என்று சைகை காட்டினாள். மூன்று தரம் கேட்டாள். அழவில்லை. நான்தான் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் பட்டுச் சேலையைக் காட்டினாள். கட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். அஃப்ரோஸின் போனைக் காட்டி, வீடியோ எடு என்று சைகை செய்தாள். பிறகு அந்தச் செத்த கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுவதையும் வாசித்தாள். பிளாஸ்டிக் கட்டைகள் தடக் தடக் என்று தட்டுகிற சத்தம் மட்டும்தான். முடித்துவிட்டு நேரே போனைப் பார்த்து "ஏலே" என்றாள். பக்கவாதம் வந்த பிறகு இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் உனக்கென்றே வந்தது அப்போதுதான்.

அதை என் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பினோம். நீ பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. வேறு எதுவும் வரவில்லை. தினமும் அம்மா என் போனை வாங்கிப் பார்க்கிறாள். கஞ்சி இறங்கவில்லை.

பியானோவை நான் திருப்பிக் கேட்கவில்லை. சத்தத்தையும் நீயே வைத்துக்கொள். அந்தப் பக்கத்திலிருந்து 'காலஞ்சென்ற' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடு. எடுத்ததும் அம்மாவுக்குக் காட்டுகிறேன். டாக்டர் பேசுவதைப் பார்த்தால், நீ கொஞ்சம் தாமதித்தாலும் அதை எடுக்கிற வேலையே இல்லாமல் போய்விடும். அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறாயோ என்று சில நேரம் தோன்றுகிறது. அந்த நினைப்பிலிருந்து என்னைக் காப்பாற்று.

நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும் என்றும், உன் மூச்சு இருக்கும்வரைக்கும் உன் பிள்ளைகள் உன்னை உயிரோடு இருக்கிறவனாகவே நடத்த வேண்டும் என்றும் தினமும் ஜெபிக்கிறேன்.

உன் அக்கா,
ஹெலன்