பவி தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், அக்கா

முதல் நாள் கம்பெனி வேலைக்கு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன என் அமுதாக்காவுக்கு,

உன் பொண்ணு பவித்ராவுக்கு இப்போது பத்தொன்பது வயசு. வாணியம்பாடி காலேஜில் பி.காம். ரெண்டாவது வருஷம். தினமும் காலையில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் ரயில் ஏறுகிறாள். நீ கண்ணை மூடியபோது ஆறு வயசுப் பிள்ளை. இப்பவும் என் தோள் உயரம்தான். மாத்திரை தாமதமாக ஆரம்பித்த பிள்ளைகள் சிலர் வளர்த்தியில் பின்தங்கிவிடுவார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். உயரம் போனால் போகட்டும். சிரிக்கும்போது உன்னை மாதிரியே வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். அதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது அக்கா?

நான் அதே ஷூ கம்பெனியில்தான் இருக்கிறேன், அதே தையல் லைனில். உன் மெஷினில் இப்போது பேர்ணாம்பட்டுப் பெண் ஒருத்தி உட்கார்கிறாள். டீ பிரேக் மணி அடித்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பதிமூன்று வருஷம் ஆகியும் என் கழுத்துக்கு அது புரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக மனசிலேயே வைத்திருக்கிறேன்.

பவிக்குப் பதினைந்து வயசில் முதல்முதலாக வலிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

ஆட்டோவில் போட்டுப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். தெருப் பெண்கள் ரெண்டு பேர் கூடவே வந்தார்கள். டாக்டர் நல்ல மனுஷன். பொறுமையாகக் கேட்டார்.

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடறாளாம்மா? பழைய நோய் எதாவது?"

அந்த ரெண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நான் "இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான் அக்கா, ரெண்டே வார்த்தை. மறுநாள் தனியாகப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஹெச்.ஐ.வி. என்ற சொல் உன்னோடு போய்விட்டது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அது அப்படியே இருக்கட்டும், பவிக்கும் அது இருப்பது தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். பவிக்கான மாத்திரையை ஆம்பூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் கேட்காமல், யார் கண்ணிலும் படக்கூடாதென்று மாசாமாசம் வேலூருக்குப் போய் வந்தவள் நான். பவியிடமே சொல்லவில்லை. "ரத்தம் ஊற மாத்திரை" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். "பொண்ணுக்கு வயசாச்சு, சொல்லிடுங்க" என்று அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார். "அடுத்த மாசம் சொல்றேன் மேடம்" என்பேன்.

கிளினிக் டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றுபோனது. நான் நிம்மதியாக இருந்தேன். வேலூரில் வலிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் இங்கே ஏன் சொல்லவில்லை, அங்கே ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வருமே.

எட்டு மாசம் போனது. பவி இளைத்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வாயெல்லாம் வெள்ளையாகப் புண். வேலூரில் ரத்தப் பரிசோதனை செய்து கிருமி ஏறியிருக்கிறது என்றார்கள். "மாத்திரைய விடறாளா?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "எங்கடி போடற மாத்திரைய? ஜன்னல் வழியா வீசறியா?"

"ஒரு நாள் கூட விட்டதில்ல சித்தி. சத்தியமா."

"பொய் சொல்லாத!"

அறைந்துவிட்டேன் அக்கா. காய்ச்சலோடு இருந்த பிள்ளையை. உன் பிள்ளையை. அவள் அழக்கூட இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அன்றிலிருந்து அவள் மாத்திரை போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்படியும் எடை இறங்கிக்கொண்டே போனது.

அடுத்த தடவை வேலூரில் டாக்டரம்மா என்னைக் கேட்கவில்லை. நேராக அவளைக் கேட்டார். "இத தவிர வேற என்ன சாப்பிடறம்மா?"

பவி பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது ஃபிட்ஸுக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

டாக்டரம்மா அதைத் திருப்பி மருந்தின் பேரைப் படித்தார். பிறகு என்னிடம் சொன்னார். அந்த வலிப்பு மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் நம் மாத்திரையோடு சேர்ந்தால், நம் மாத்திரையை உடம்பில் தங்கவிடாமல் சீக்கிரமாகக் கரைத்துவிடும். பிள்ளை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். உடம்பில்தான் அது நிற்கவில்லை. "அந்த டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பாரேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயசில் மூளையில் வந்த ஏதோ தொற்று ஆறி, ஒரு தழும்பு இருக்கிறது, அதிலிருந்துதான் வலிப்பு என்றார்கள். பழைய வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பகை இல்லாத வேறொன்றுக்கு மாற்றினார்கள். அடுத்த வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று மணி பார், அஞ்சு நிமிஷம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாவி வேண்டாமாம்.

வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பவி கேட்டாள்.

"சித்தி, எனக்கு இன்னா நோய்?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். பிறவியிலேயே உன்னிடமிருந்து வந்தது என்பதையும், உனக்கே அது உன் புருஷன் செத்த பிறகுதான் தெரியும் என்பதையும்.

"அம்மாவுக்கு மாத்திரை கெடைக்கலயா?"

"கெடைச்சிருக்கும்டி. ஆஸ்பத்திரிக்குப் போகவே வெக்கப்பட்டா. போனப்போ ரொம்ப லேட்டாய்டுச்சு."

"அம்மாவ யாரும் இட்டுனு போகலயா?"

இதற்கு என்ன சொல்வது அக்கா? நான் இருந்தேனே. அடுத்த தெருவில்தானே இருந்தேன்.

மூணு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வேளா வேளைக்கு மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வழி மறித்து நின்றாள்.

"நீ இன்னும் சாரி கேக்கல."

"எதுக்குடி?"

"அடிச்சதுக்கு. நான் பொய் சொல்லல இல்ல?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாரி கேட்டேன். பஸ் போய்விட்டது. அன்றைக்கு லீவுதான் போட்டேன்.

உடம்பு தேற ஒரு வருஷம் பிடித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். படித்தது சட்டென்று மறந்துபோகிறது அவளுக்கு. ப்ளஸ் டூ கணக்குப் பதிவியலை ரெண்டாவது தடவை எழுதித்தான் பாஸானாள். கல்லீரல், எலும்பு, கிட்னி என்று அப்பப்போ சோதிக்கிறார்கள். ஆயுசுக்கும் மாத்திரைதான். ஆனால் ரத்தத்தில் கிருமி இப்போது சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இதை நீ கேட்டிருக்க வேண்டும். எத்தனை தடவை இந்த ஒரு வரியை உன் காதில் சொல்ல நினைத்திருக்கிறேன்.

போன மாசம் பரீட்சைக்காகச் சரியாகத் தூங்காமல் படித்தாள். காலேஜ் வராண்டாவில் திரும்பவும் வலிப்பு வந்துவிட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ், அவளுக்கு நினைவு திரும்பியதும், "எதாவது மருந்து எடுக்கறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி அத்தனை பிள்ளைகள். பவி படுத்தபடியே சொன்னாளாம். "எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. பொறந்ததுலேர்ந்து. அதுக்கு இந்த மாத்திரை, ஃபிட்ஸுக்கு இந்த மாத்திரை. இதோட சேராத மருந்து எதுவும் போட்டுடாதீங்க." பேரெல்லாம் சரியாகச் சொன்னாளாம், நாக்கு குழறக் குழற.

கேட்டதும் அவளிடம் சீறினேன். "எல்லார் எதிர்லயும் ஏண்டி சொன்ன?"

"அவங்க கேட்டாங்க சித்தி" என்றாள்.

மறுவாரம் காலேஜில் ஒருத்தி பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். இன்னும் ரெண்டு பேர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டார்கள். பவி அழுதாள், நிறைய அழுதாள். ஞாயிற்றுக்கிழமை நஸ்ரின் என்ற தோஸ்த் மட்டும் வீட்டுக்கு வந்தாள். நான் போட்டுக்கொடுத்த டீயை, "ஜாஸ்தியா கீது ஆன்ட்டி" என்று சொல்லிப் பவியும் அவளும் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஏதோ லெக்சரரைக் கிண்டல் பண்ணிச் சிரித்தார்கள்.

நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். உன் கடைசி ஆறு மாசம் நான் உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணி குடிக்கவில்லை அக்கா. உனக்குத் தெரியும். டீ போடட்டுமா என்று கேட்பாய். இப்பதான் குடிச்சேன் என்பேன். கொஞ்ச நாளில் நீ கேட்பதையே நிறுத்திவிட்டாய். நீ ஏன் என்னைத் திட்டவில்லை? உன் பொண்ணு மாதிரி வாசலில் மறித்து நின்று என்னைச் சாரி கேட்க வைத்திருக்கக் கூடாதா? அப்படிச் செய்திருந்தால் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டாவது வேலூருக்குத் தூக்கிப் போயிருப்பேனே. போயிருப்பேனா? தெரியவில்லை. போயிருப்பேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

வர்ற செவ்வாய்க்கிழமை அவளுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். இனிமேல் தனியாகவே உள்ளே போய்ப் பேசிக்கொள்கிறாளாம். கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதாம். "நீ வந்தா எனக்குக் கூச்சமா இருக்கும் சித்தி" என்கிறாள். சரி என்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் உள்ளே பேசி முடிக்கிறவரை நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். யாராவது தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தாலும் எழுந்து போக மாட்டேன். யாரோடு வந்தாய் என்று கேட்டால், என் அக்கா பொண்ணோடு வந்தேன் என்று சொல்வேன்.

உன் தங்கச்சி,
பவியோட சித்தி,
தேவகி