திருடனுக்கு நான் வரைந்த தலை

ஞாயிறு, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

தூக்கம் வரவில்லை. நான் எழுதிப் படம் வரைந்த கதைப்புத்தகம் அச்சாகி வந்திருந்தது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு லாவண்யாவும் வந்தாள். நேற்று மலைமேல் மொட்டை போட்ட தலையில் சந்தனம் இன்னும் போகவில்லை. காலையிலேயே ஓடி வந்து, "முருகருக்கு முடி குடுத்துட்டேங்க்கா, தொட்டுப் பாருங்க" என்று தலையை நீட்டியவள்.

திருடன் வரும் பக்கத்தைத் திருப்பினேன். பிள்ளைகள் பயப்படட்டும் என்று அவனுக்கு மொட்டைத் தலை வரைந்திருந்தேன். லாவண்யா எட்டிப் பார்த்தாள்.

"இவன் எந்தக் கோயில்லக்கா முடி குடுத்தான்?"

எல்லோரும் சிரித்தார்கள். "திருடி இங்கதான் குந்திகினு கீறா!" என்று ஒரு பையன் அவளைக் காட்டிக் கத்தினான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

முருகன் மலை இருக்கும் இந்த ஊரில் பிறந்தவள் நான். தினமும் பார்க்கும் மொட்டைதான். திருடன் என்றதும் என் கை ஏன் அங்கே போயிற்று? அச்சான புத்தகம். இனி அவன் தலையில் துளி சந்தனம்கூட வைக்க முடியாது.

போகும்போது லாவண்யா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"முடி எப்பக்கா வளரும்?"

காலையில் அவள் இதைக் கேட்கவில்லை.