கடலில் வரப்பு போட்ட நாம்

பக்கத்து மனையில் இன்று காலை வீடு கட்டக் கடைக்கால் தோண்டக் கோடு போட்டார்கள். சுண்ணாம்புத் தூளின் மணம் சன்னல் வழியே வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நைனார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கடலை நினைத்துக் கண் கலங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடலே இல்லாத ஊர்க்காரிகள் நாம். நீ ரிஷிவந்தியத்துக்காரி. பாதுகாக்கப்பட்ட தீவுக்கடலின் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனோமே, என்ன துணிச்சல்! முதல் நாள் மணலில் சுண்ணாம்புத் தூளால் தீவை வரைந்து, சுற்றிலும் நாலு மூலை பிடித்து எல்லை போட்டோம். அப்படியே நம்மூர்க் கரும்புக் கொல்லைதான். "இதுக்குள்ள வலை போடக் கூடாது" என்றேன் பெருமையாக.

கடல்பாசி எடுக்கும் மரியக்கா வேடிக்கை பார்த்து நின்றார். மெல்ல வந்து காலால் கோட்டை அழித்தார். "கடல்ல போய் இந்தக் கோட்ட எங்கம்மா தேடுறது?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே பஸ் ஏறியிருப்பேன். நீயோ தூள் டப்பாவை அவர் கையில் கொடுத்தாய். "நீங்க போடுங்கக்கா, நாங்க கத்துக்கறோம்." கடலிலிருந்து பார்க்கையில் கரையிலுள்ள பனையும் மாதா கோயில் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வரும் இடத்தில்தான் எல்லை தொடங்குகிறது என்று அவர் வரைந்து காட்டினார். நீ வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாய்.

மரியக்காதான் பாடம் எடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாய். பட்டம் இல்லாதவரைப் பயிற்றுநராக ஏற்க முடியாது என்று அலுவலகம் கைவிரித்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான், இப்போதாவது சொல்லிவிடுகிறேன். "நாம இன்னா, ரெண்டு வருஷம் இருந்துட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்போம். அப்புறம் கடல யாருடீ பாத்துப்பாங்க?" என்று என்னிடம் கத்தினாய். அவருக்கு அனுமதி கேட்டு மனு எழுதினாய்; நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தாய். பதில் வருமுன் போய்விட்டாய், பாவி.

மனுவைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். அனுமதி கிடைத்துவிட்டதடி! போன மாதம் அக்கம்பக்கத்துக் கரைகளிலிருந்தெல்லாம் காவலர்கள் வந்திருந்தார்கள். மரியக்கா பாடம் எடுத்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். திடீரென்று என்னைக் கூப்பிட்டு, "எல்லை போடுங்க பாப்போம்" என்று டப்பாவை நீட்டினார். போட்டேன். கைப்பழக்கம், மறுபடியும் நாலு மூலை.

காலால் அழித்தார். "உங்க கூட்டாளியா இருந்தா மொதல்ல கேட்டிருப்பாங்க" என்றார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டப்பாவை அவரிடமே நீட்டினேன்.

"நீங்க போடுங்கக்கா, நாங்க கத்துக்கறோம்."