முட்டு பிரிக்கிற நாள்

அம்பர்நாத்
8-11-1964

பாசமுள்ள அன்னத்தாய் அக்காவுக்குத் தம்பி அய்யாத்துரை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு இருமல் விட்டதா?

செம்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மாடி கட்ட நீங்களும் டெண்டர் கொடுக்கிறீர்களாமே? நானும் கொடுக்கிறேன். கூடப்பிறந்தவள் என்பதால் சொல்கிறேன், வீணாக மோதாதே. என் ரேட்டுக்குக் கீழே பம்பாயில் எவனும் இறங்க முடியாது. அத்தானை விட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நீ பேசப் போனாயாம். காங்கிரீட் போடுகிறவருக்கு வாய் இல்லையா என்று இங்கே சிரிக்கிறார்கள். பேசாமல் ஆட்களோடு என் கீழே வந்துவிடுங்கள். கஞ்சிக்குக் குறைவிருக்காது.

உன் தம்பி
அய்யாத்துரை

தாராவி
13-11-1964

தம்பி அய்யாத்துரைக்கு அக்கா எழுதியது. அத்தானுக்கு இருமல் தேவலை. அவர் கலவை போடுவார், நான் பேசுவேன். எங்கள் வீட்டு ஏற்பாடு அது. சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரிக்கட்டும்.

உன் கீழே வரணுமோ? ஏலே, உனக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது! இந்த வேலையும் போனால் எங்கள் ஆட்கள் கலைந்துபோவார்கள், எனக்குத் தெரியும். அதற்காக உன்னோடு போட்டி போட்டு ரேட்டை இறக்கமாட்டேன். உன் ரேட் எப்படி இறங்குகிறது என்று தாராவிக்கே தெரியும். தளத்தைத் தாங்குகிற முட்டுகளைக் காங்கிரீட் இறுகுமுன்னே பிடுங்கி, அதே பலகையை அடுத்த வேலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். அந்தத் தளத்துக்கு அடியில் பிள்ளை பெற்றவள் படுத்திருப்பாள், தம்பி. மோதித்தான் பார்ப்போமே.

அக்கா
அன்னத்தாய்

அம்பர்நாத்
2-12-1964

அக்காவுக்கு,

உன்னைவிட என் ரேட் குறைவு. ஆனாலும் வேலை உங்களுக்காம்! இது எந்த ஊர் நியாயம்? டாக்டரம்மாவுக்கு என்ன சொக்குப்பொடி போட்டாய்? அந்த வேலையை நம்பி நான் பிடித்து வைத்த ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது சந்தோஷம்தானே?

அய்யாத்துரை

தாராவி
6-12-1964

என் தம்பிக்கு,

சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்?

சொக்குப்பொடியைச் சொல்கிறேன், கேள். ரேட் எழுதுமுன் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றவர்கள் எப்போது கண் அசருகிறார்கள், குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று ஆயாவிடம் கேட்டேன். மத்தியானம் சத்தம் இருக்காது, உங்கள் குழாயைத் தொடாமல் நாங்களே தண்ணீர் கொண்டுவருவோம் என்று டெண்டரிலேயே எழுதினோம். விக்ரோலியில் அத்தான் போட்ட தளத்துக்கு டாக்டரம்மாவைக் கூட்டிப்போனேன். "ஒழுகுதா இல்லையான்னு குடியிருக்கவங்ககிட்டயே கேளுங்கம்மா" என்றேன். வீடு வீடாகக் கேட்டார்.

அப்புறமும் சமாதானம் ஆகவில்லை. "இத்தனை ஜாஸ்தி கேக்கறேளே, அப்படி என்ன விசேஷம்?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "முட்டு பிரிக்கிற அன்னைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் தளத்துக்கு அடியில பாய் விரிச்சுப் படுப்போம். மத்தவங்களும் படுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றேன். உன்னிடமும் கேட்டாராமே? நீ சிரித்து மழுப்பினாயாம். அங்கேதான் நீ தோற்றாய், ரேட்டில் இல்லை.

உன் ஆட்களைச் சும்மா வைத்திருக்காதே. இங்கே கூட்டி வா. எங்கள் ஆட்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. ஆனால் அத்தான் சொல்லாமல் ஒரு முட்டிலும் கை வைக்கக் கூடாது. பிரிக்கிற அன்று நீயும் எங்களோடு அடியில் படுக்க வேண்டும். முடியாதென்றால் அம்பர்நாத்திலேயே இருந்துகொள். எனக்குத் தம்பி இல்லையென்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்னத்தாய்

அம்பர்நாத்
9-12-1964

அக்கா,

திங்கட்கிழமை விடிகாலை முதல் லோக்கல் ரயிலிலேயே ஆட்களோடு வருகிறேன். எனக்காகப் பாய் ஒன்றும் வாங்காதே. என் பாயை நானே கொண்டுவருவேன். தளம் தொய்ந்தால் நடுவில்தான் தொய்யும் என்று எனக்கும் தெரியும். நீயும் அத்தானும் ஓரமாகப் படுங்கள். நடுவில் நான்தான் படுப்பேன்.

உன் தம்பி
அய்யாத்துரை